“தண்ணி வேணுமா?” என்று கேட்கும் குழந்தை

நாலு வயதுக் குழந்தை ஒன்று அடுப்பங்கரையில் குடத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. யார் முகத்தையும் பார்க்கவில்லை. “தண்ணி வேணுமா?” என்கிறது. ஆயா (பாட்டி) சிரித்துக்கொண்டே, “எனக்கு இன்னாத்துக்குடா கண்ணு, இப்பதான் குடிச்சேன்” என்கிறார். குழந்தை மறுபடியும் அதே ராகத்தில், “தண்ணி வேணுமா?” மூன்றாவது முறை குரல் ஏறுகிறது. நான்காவது முறை குடம் உருள்கிறது. ஒன்றுமே நடக்காததற்கு இப்படி ஆடுகிறதே என்று வீடு திகைத்து நிற்கிறது.

குழந்தை கேட்டது தனக்குத் தண்ணீர். அது பிறந்ததிலிருந்து தண்ணீர் கைக்கு வந்தபோதெல்லாம் “தண்ணி வேணுமா?” என்ற வாக்கியமும் கூடவே வந்திருக்கிறது. ஆகவே அந்த முழு வாக்கியமும்தான் அதன் கணக்கில் தண்ணீருக்குப் பெயர். கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்வது, மூளை வேறு விதமாக வளரும் ஆட்டிசம் என்ற நிலை உள்ள பல குழந்தைகளிடம் பேச்சு தொடங்கும் விதம். கிளிப்பிள்ளை போல அர்த்தமில்லாமல் சொல்கிறது என்று தள்ளிவிடக் கூடாது. அதற்குள் அர்த்தம் இருக்கிறது. நாம் பேசும் பக்கத்திலிருந்து இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு வீட்டில் செய்ய வேண்டியது சின்ன விஷயம். குழந்தை குடத்தருகே வந்து நின்றதுமே, அது கேட்பதற்குள், பெரியவர் அதன் வாயாக இருந்து “தண்ணி வேணும்” என்று ஒரே ஒருமுறை சொல்லி உடனே ஊற்றிக் கொடுக்க வேண்டும். தமிழ் இங்கே நமக்குப் பெரிய உதவி செய்கிறது. “வேணும்” என்பது எனக்கும் உனக்கும் அவனுக்கும் ஒன்றுதான். ஆளுக்கு ஆள் மாறாது. கேள்விக்கும் கேட்டு வாங்குவதற்கும் நடுவில் கடைசியில் வரும் ஒரு ‘ஆ’தான் வித்தியாசம். “எனக்கு” என்பதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அவசரமில்லை.

இதில் தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. “வேணும்னு சொல்லு, சொன்னாத்தான் தருவேன்” என்று டம்ளரைத் தூக்கிப் பிடிப்பது. தாகமாக இருக்கும் குழந்தைக்கு அந்த நேரத்தில் பரீட்சை வைக்கிறோம். சொல்லைக் கற்பிப்பதற்குப் பதிலாகத் தண்ணீரையே பயமாக்கிவிடுகிறோம். சொன்னாலும் சொல்லாவிட்டாலும் தண்ணீர் வர வேண்டும். சொல் அதோடு சேர்ந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். குழந்தையிடம் எதையாவது கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருங்கள். பெரும்பாலான வீடுகளில் இரண்டு எண்ணுவதற்குள் அடுத்த கேள்வி போய்விடுகிறது. குழந்தை முதல் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வந்து விழுந்தால், அது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இன்னொரு எடுத்துக்காட்டு. குழந்தை விழும்போதெல்லாம் “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று தூக்கித் தட்டிக்கொடுப்பது நம் வழக்கம். இந்தக் குழந்தைக்குப் பல்வலி வந்தால் அதுவும் “ஒண்ணுமில்ல” என்றுதான் சொல்லும். பள்ளியில் ஆசிரியர் அதைக் கேட்டுச் சரிதான் என்று விட்டுவிடுவார். அதனால் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம் குழந்தை சொல்வது, வலப்பக்கம் அதன் பொருள். விளம்பரப் பாட்டின் ஒரு வரி, கார்ட்டூன் வசனம், பஸ் கண்டக்டரின் “போலாம் ரைட்” எல்லாம் அதில் வரும். குழந்தையின் அகராதி அது. ஒரு படியை ஆசிரியரிடமும், ஒன்றை அத்தை சித்தி வீட்டிலும் கொடுத்து வையுங்கள்.

நம் அரசுப் படிவங்களில் ஆட்டிசத்துக்கு ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்று எழுதுகிறார்கள். பத்திரிகைகள் ‘மதி இறுக்கம்’ என்கின்றன. இரண்டுமே எனக்கு மனக்கஷ்டம் தரும் சொற்கள். முதல் சொல் உண்மையைத் தலைகீழாகச் சொல்கிறது. இந்தக் குழந்தைகளில் பலருக்குப் புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வருகிறது. டியூப்லைட்டின் ரீங்காரம், சட்டைக் காலரின் லேபிள், பக்கத்து வீட்டு மிக்சி, தாளிப்பு வாசனை எல்லாம் ஒரே சத்தத்தில், ஒரே நேரத்தில். வேறு சில குழந்தைகளுக்கு நேர்மாறு: காயம் பட்டாலும் தெரியாது, சுழன்றுகொண்டே இருந்தாலும் தலை சுற்றாது, இன்னும் அழுத்தம், இன்னும் அசைவு என்று உடம்பு கேட்கும். ஒரே குழந்தை சத்தத்துக்குச் சுருங்கி, அழுத்தத்துக்கு ஏங்கும். புலன் சார்ந்த இந்த வேறுபாடுகளை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறிதல் விதிகளுக்குள்ளேயே 2013-ல்தான் சேர்த்தார்கள்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் லியோ கேனர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியதிலிருந்து இந்தப் பெயர் மருத்துவத்தில் நிலைத்தது. அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள், பாசமில்லாத தாயால் இது வருகிறது என்று டாக்டர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அது பொய் என்று நிறுவப்பட்டு அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. ஆனால் நம் தெருவில் அது இன்னும் சாகவில்லை. “நீ வேலைக்குப் போனதாலதான்”, “செல்போன் குடுத்ததாலதான்” என்று வேறு உருவத்தில் நடமாடுகிறது. ஆட்டிசம் மூளை வளர்ச்சியின் ஒரு வகை. மரபணுக்களின் பங்கு அதில் பெரியது. கைப்பேசி பேச்சுக்கான நேரத்தைத் தின்னும், தூக்கத்தைக் கெடுக்கும், அதற்காகக் குறைக்க வேண்டியதுதான். ஆட்டிசத்தை அது உண்டாக்குவதில்லை. தடுப்பூசியும் உண்டாக்குவதில்லை. அப்படிச் சொன்ன 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010-ல் திரும்பப் பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் ஏறத்தாழ 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. ஆகவே உங்கள் தெருவிலும் இருக்கும்.

ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமலிருப்பது, ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டி எதையும் காட்டாமலிருப்பது, பேசிய சில சொற்கள் இரண்டு வயதுக்குள் நின்றுபோவது. இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்க வேண்டாம். “அவங்க அப்பாவே நாலு வயசுலதான் பேசினான்” என்று ஆயா சொல்வது உண்மையாகவே இருக்கலாம். இருந்தாலும் போய்ப் பாருங்கள். முதலில் காது கேட்கிறதா என்று முறையாகச் சோதிக்க வேண்டும். பெண் குழந்தைகளிடம் கூடுதல் கவனம் வேண்டும். மற்றவரைப் பார்த்து அப்படியே நடித்துச் சமாளிப்பதால், ‘அமைதியான பொண்ணு’ என்ற பெயரோடு பல ஆண்டுகள் தப்பிவிடுகிறார்கள்.

வேலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கொல்கத்தாவிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் காட்பாடியில் ரயில் இறங்கி வருகிறவர்கள் தேடி வரும் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) நமக்கு டவுன் பஸ் தூரம். பாகாயத்தில் அதன் மனநலப் பிரிவைச் சேர்ந்த நம்பிக்கை நிலையத்தில், தாயோ தந்தையோ குழந்தையோடு இருந்து தாங்களே பயிற்சி பெறுகிற முறை இருக்கிறது. அந்த முறையை நான் மிகவும் மதிக்கிறேன். வாரத்தில் இரண்டு மணி நேரம் தெரபிஸ்ட் செய்வதைவிட, விழித்திருக்கும் மற்ற நேரமெல்லாம் வீடு செய்வதுதான் நிற்கும். அரசு வழியில் போவதென்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவில் கேட்டு, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை பற்றி விசாரியுங்கள். ஆட்டிசம் என்று பெயர் எழுதப்படும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இங்கே எழுதியிருப்பது எதற்கும் சான்றிதழ் தேவையில்லை.

வீட்டு மொழி பற்றி ஒரு வார்த்தை. குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ உருதோ, தெருவில் தமிழ், பள்ளியில் இங்கிலீஷ். குழந்தைக்குப் பேச்சு தாமதம் என்றதும் “ஒரே மொழிதான் பேசணும், அதுவும் இங்கிலீஷ்” என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் மொழி வளர்ச்சி கெடுவதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. அம்மா தனக்குச் சரளமாக வராத மொழியில் தட்டுத்தடுமாறி நான்கு சொல் பேசும்போது, பாட்டு, கொஞ்சல், கதை எல்லாம் வீட்டைவிட்டுப் போய்விடுகின்றன. தெலுங்கில் கொஞ்சுகிற வீடு தெலுங்கிலேயே கொஞ்சட்டும்.

பேச்சே வராத குழந்தைக்குப் படங்களைக் கொடுத்தால் சோம்பலாகிப் பேசாமலே போய்விடும் என்பது இன்னொரு பயம். நடப்பது நேர்மாறு. கேட்பதற்கு ஒரு வழி கிடைத்த குழந்தை பதற்றம் குறைந்து, பல நேரம் கூடுதலாகவே பேச முயல்கிறது. சென்னையில் உருவான, படத்தைத் தொட்டால் பேசும் ஆவாஸ் என்ற செயலியில் தமிழும் உண்டு. செயலி இல்லாவிட்டால் ஓர் அட்டையில் ஆறு படம் போதும்: தண்ணி, சாப்பாடு, பாத்ரூம், வலிக்குது, போதும், வேண்டாம். கடைசி இரண்டை எந்த வீடும் முதலில் வைப்பதில்லை. என் அனுபவ அறிவில் அவைதான் முக்கியம். “போதும்” என்று சொல்ல வழியில்லாத குழந்தைதான் கடிக்கிறது. படத்தைக் குழந்தை மட்டும் தொட வேண்டும் என்று எதிர்பார்க்காமல், நீங்கள் பேசும்போதே நீங்களும் தொட்டுத் தொட்டுப் பேசுங்கள். நாம் பேசிப் பேசித்தானே மற்றக் குழந்தைக்குப் பேச்சு வந்தது.

அடுத்தது, நாள் என்னவென்று கண்ணுக்குத் தெரிவது. நமக்கு மனதில் ஓடும் “இது முடிஞ்சா அது” என்ற வரிசை இந்தக் குழந்தைகளில் பலருக்குக் காதால் கேட்டு நிற்பதில்லை; சொன்னதும் காற்றில் போய்விடுகிறது. படம் அங்கேயே நிற்கும்.

ஓர் அடி நீளத்துக்குக் கெட்டி அட்டை, நான்கு விரல் அகலம். அதன் மேல் நீளவாக்கில் வெல்க்ரோ பட்டை ஒட்டுங்கள். தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். சொரசொரப்பான பக்கம் அட்டையில், மெத்தென்ற பக்கம் படத்தின் பின்னால். படங்கள் ஐந்து சென்டிமீட்டர் சதுரம், லேமினேட் செய்தவை. இணையத்தில் எடுத்த பொம்மைப் படத்தைவிட உங்கள் வீட்டுப் பொருளின் போட்டோ நல்லது. குழந்தை குளிப்பது சிவப்பு பக்கெட்டில் என்றால் அந்தச் சிவப்பு பக்கெட்தான் குளியல். தொடக்கத்தில் இரண்டே படம்: முதலில் குளியல், பிறகு ஊஞ்சல். இரண்டு வாரத்தில் மூன்று, நான்கு ஆக்கலாம். முடிந்ததும் குழந்தையே படத்தைப் பிய்த்து, கீழே வைத்திருக்கும் டப்பாவில் போட வேண்டும். அந்த ‘பர்ர்’ என்ற பிய்க்கிற சத்தமும், டப்பாவில் விழுகிற ‘டப்’பும்தான் குழந்தைக்கு ‘முடிஞ்சது’ என்ற சொல்லின் உடம்பு. சத்தத்துக்குக் கூசும் குழந்தையென்றால் வெல்க்ரோ வேண்டாம், கிளிப் போடுங்கள்.

எங்கே சொதப்புகிறது? முதல் நாளே பன்னிரண்டு படம் ஒட்டுவது. குழந்தைக்குப் பிடிக்காத வேலைக்கு மட்டும் அட்டையை எடுப்பது. அப்புறம் அட்டையைக் கண்டாலே ஓடும். நன்றாகப் பழகிவிட்டது என்று ஒரு மாதத்தில் எடுத்துவிடுவது. காலண்டர் பழகிவிட்டது என்று நாம் காலண்டரை எடுத்துவிடுகிறோமா? மிகப் பெரிய தவறு, மாற்றத்துக்குப் படம் வைக்காதது. ஆரஞ்சு நிறத்தில் ஒரு கேள்விக்குறி அட்டை செய்யுங்கள். அதை முதலில் நல்ல மாற்றங்களுக்குப் பயன்படுத்துங்கள்: இட்லி என்று வைத்திருந்த இடத்தில் ஆரஞ்சு அட்டை, பின்னாலேயே குழந்தைக்குப் பிடித்த பூரி. பத்துப் பதினைந்து முறை இப்படி நடந்தபின், “இன்னைக்கு வேன் வரல” என்பதற்கும் அதே அட்டை தாங்கும்.

மே மாதம் அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் 40 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் கரண்ட் போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஃபேன் சத்தம் நின்றது, காற்று நின்றது, சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு வேலை நின்றது, வெளியே எல்லா வீட்டுக் குரலும் ஒரே சமயம் எழும்பியது. ஒரு நொடியில் நான்கு மாற்றம். அதனால் கரண்ட் போவதற்கும் ஒரு படம் வேண்டும். ஸ்விட்சை நீங்களே அணைத்து, படத்தைக் காட்டி, அரை நிமிடத்தில் திரும்பப் போட்டுப் பழக்குங்கள். பிறகு இரண்டு நிமிடம், ஐந்து நிமிடம். பேட்டரியில் ஓடும் சின்ன ஃபேன், ஈரத்துணி, ஒரு டார்ச் மூன்றும் எப்போதும் ஒரே பையில், ஒரே ஆணியில். இணையத்தில் எடைப் போர்வை வாங்கச் சொல்வார்கள். நம் வெயிலில் அது கஷ்டம். சின்னக் குழந்தைக்கு ஆபத்தும்கூட. அழுத்தம் கேட்கும் குழந்தைக்கு அரிசிப் பையைத் தள்ளுவது, நனைந்த துணியை முறுக்குவது, தண்ணீர் வாளியை இரண்டு கையாலும் தூக்கி வருவது போன்ற வேலைகள் அதே பயனைத் தரும்.

இனி வெடிப்பு: குழந்தை கத்தி, அழுது, கட்டுக்கடங்காமல் போகும் நேரம். பிடிவாதத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். பிடிவாதம் பிடிக்கும் குழந்தை ஒரு கண்ணால் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்; கேட்டதைக் கொடுத்தால் நிற்கும். வெடிப்பில் இருக்கும் குழந்தைக்கு நீங்கள் இருப்பதே தெரியாது, கொடுத்தாலும் நிற்காது. தாங்கும் அளவு நிறைந்து வழிகிறது. வழிகிற நேரத்தில் எதையும் கற்பிக்க முடியாது. பேச்சைக் குறையுங்கள், முடிந்தால் நிறுத்துங்கள். லைட்டை அணையுங்கள். கூட்டத்தை நகர்த்துங்கள், “இன்னாச்சு இன்னாச்சு” என்று கேட்டு வருகிறவரிடம் கையால் மட்டும் சைகை காட்டுங்கள். தலையைத் தரையில் மோதினால் நடுவில் தலையணையை நழுவ விடுங்கள். இறுக்கிப் பிடித்து அடக்காதீர்கள், பிடி அதிகமாக அதிகமாகப் பயமும் அதிகமாகும். பக்கவாட்டில், எட்டும் தூரத்தில், தாழ உட்காருங்கள். முடிந்தபின் தண்ணீர், தூக்கம். “ஏன் அப்படிப் பண்ண?” என்ற விசாரணை அன்றைக்கு வேண்டாம்.

முன்னால் என்ன நடந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இரண்டு வாரம் எழுதுங்கள்: நேரம், அதற்கு அரை மணி முன் நடந்தது, குழந்தை செய்தது, பிறகு நாம் செய்தது. கூடவே முந்தைய இரவின் தூக்கம், கடைசியாக வயிறு போன நாள், கடைசியாகச் சாப்பிட்ட நேரம். தினமும் மாலை நாலரைக்கு வெடிக்கிறது என்று தெரிந்தால், பள்ளி வேனில் முக்கால் மணி நேர ஹாரன், காலியாக இருக்கும் வயிறு, யூனிஃபார்ம் வியர்வை என்று பட்டியல் தானாக வரும். வேன் இறங்கியதும் கேள்வி எதுவும் கேட்காமல் சட்டையை மாற்றி, பழக்கமான ஒரு தின்பண்டத்தோடு இருபது நிமிடம் இருட்டறையில் விட்டால் பாதி நாள் அது வராது. இதுவரை இல்லாத வெடிப்பு திடீரென்று தொடங்கினால் முதலில் உடம்பைப் பாருங்கள். மலச்சிக்கல், பல், காது. மலச்சிக்கல் இந்தக் குழந்தைகளிடம் மிகவும் சகஜம். சொல்லத் தெரியாத வயிற்றுவலிதான் கையைக் கடிப்பதாக வெளிவருகிறது. கண் ஒரே இடத்தில் நிலைத்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் சில நொடி திரும்பாமலிருப்பது வலிப்பாக இருக்கலாம். ஆட்டிசத்தோடு வலிப்பு சேர்ந்து வருவது அரிதல்ல. முடிந்தால் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

சாப்பாடு. ஒரே கம்பெனி பிஸ்கட் மட்டும் தின்கிற குழந்தையைப் பார்த்து ‘கொழுப்பு’ என்கிறார்கள். பிஸ்கட் நேற்றும் இன்றும் ஒன்றே: அதே நிறம், அதே உடைகிற சத்தம். நம் கத்திரிக்காய்க் குழம்பு தினமும் வேறு. ஒரு வாய் கெட்டி, ஒரு வாய் வழவழப்பு, நடுவில் ஒரு கடுகு. அந்தக் குழந்தைக்கு அது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது மாதிரி. அதனால் பிடித்த உணவிலிருந்து ஒரே ஒரு அம்சத்தை மாற்றிக்கொண்டு போக வேண்டும். வெள்ளை இட்லி தின்கிறது என்றால் அதே இட்லி சின்ன அளவில்; பிறகு அதே மாவில் ஊற்றிய தோசை; பிறகு மாவில் பத்துக்கு ஒரு பங்கு கேழ்வரகு. புதியது தட்டில் தனியாக, தொடாத தூரத்தில் இருந்தால் போதும் என்று ஒரு வாரம். தொடுவது, முகர்வது, நாக்கு படுவது எல்லாம் தனித்தனிப் படிகள். கீரையை அரைத்து இட்லியில் ஒளிக்காதீர்கள். ஒருநாள் கண்டுபிடித்துவிட்டால் கீரையும் போச்சு, நம்பியிருந்த இட்லியும் போச்சு. மொத்தமே பத்துப் பதினைந்து உணவுக்குள் நின்றுவிட்டால் ரத்தத்தில் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பழமும் காயும் அறவே தொடாத குழந்தைக்கு ஈறில் ரத்தம் கசிந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

முடி வெட்டுவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எத்தனையோ குடும்பங்களுக்கு மாதத்தின் மிகக் கொடிய மணி அதுதான். தண்ணீர் ஸ்பிரே, கழுத்தில் இறுக்கும் துணி, காதோரம் மிஷின், முன்பின் தெரியாத கை, குத்தும் முடித்துணுக்கு, எதிரே கண்ணாடியில் டி.வி. வெளிச்சம். இரண்டு பேர் பிடித்துக்கொண்டு ஒருமுறை வெட்டிவிடலாம். அந்த ஒருமுறைக்கு விலை அடுத்த ஒரு வருடப் பயம். அதற்குப் பதில் ஆறு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அணைத்த டிரிம்மரின் பின்பக்கத்தை முதலில் கையில், பிறகு தோளில், பிறகு பின்தலையில் படவிடுங்கள். அடுத்த வாரம் பக்கத்து அறையில் ஓட விடுங்கள், பிறகு கதவருகே, பிறகு குழந்தையின் கையிலேயே. இதற்கிடையில் சலூனுக்கு வெட்டாமல் போய் வாருங்கள். செவ்வாய் பல கடைகளில் விடுமுறை, ஞாயிறு கூட்டம். புதன் வியாழன் மதியம் இரண்டு மணிக்குக் காலியாக இருக்கும். முதல்முறை வாசல், இரண்டாம் முறை நாற்காலியில் ஒரு நிமிடம். வெட்டும் நாளில் உங்கள் வீட்டுத் துண்டு, கழுத்தில் பவுடர், ஸ்பிரே வேண்டாம், மிஷினுக்குப் பதில் கத்தரி. கடைக்காரரிடம் முன்பே, “அண்ணே, பத்து எண்ணுவேன், எண்ணி முடிச்சதும் கையை எடுத்துடுங்க” என்று சொல்லி வையுங்கள். பத்து என்றால் பத்தேதான். இன்னும் ரெண்டே ரெண்டு வெட்டு என்று பதினைந்துக்குப் போனால் எண்ணின் மேல் குழந்தைக்கு இருந்த நம்பிக்கை அன்றோடு முடிந்தது. பாதியில் நின்றாலும் பரவாயில்லை. பாதி முடியோடு வீட்டுக்கு வரலாம். திருப்பதியிலோ திருத்தணியிலோ மொட்டை என்று வேண்டிக்கொண்ட குடும்பங்களுக்கும் இதையே சொல்வேன். தேதியை ஆறு மாதம் தள்ளி வையுங்கள். சாமி காத்திருப்பார்.

திருவிழாவுக்கும் இதே கணக்கு. மாசியில் பாலாற்றங்கரை மயானக் கொள்ளை, வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு: பறை, வெடி, தோளோடு தோள் இடிக்கும் கூட்டம், முகம் மாறிய வேஷங்கள். கூட்டிப் போகவே கூடாது என்பதில்லை. வேஷம் போடும்போதே, அது யாரென்று தெரியும் நேரத்தில் காட்டுவது. தெருமுனையில் நின்று பார்ப்பது. பத்து நிமிடத்தில் திரும்ப ஒருவர் தயாராக வண்டியோடு இருப்பது. சத்தம் குறையக் காதை மூடும் ஹெட்போன், தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கிறது; பெரியவர் அளவு தலையை அழுத்தும், குழந்தை அளவு கேட்டு வாங்குங்கள். நாள் முழுக்கப் போட்டுவிடாதீர்கள்; காது அமைதிக்கே பழகி, சாதாரணச் சத்தமும் தாங்காமல் போகும்.

பள்ளியும் காகிதமும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. 40 சதவீதமும் அதற்கு மேலும் சான்று பெற்ற குழந்தைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை உண்டு. மதிப்பீட்டுக்கு இந்தியாவிலேயே உருவான அளவுகோலில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். அன்றைக்குக் குழந்தையின் மிக நல்ல நாளைச் சொல்லாமல் வழக்கமான நாளைச் சொல்லுங்கள். தன் பிள்ளையை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் கூட்டிச் சொல்லி, சதவீதம் குறைந்து, பிறகு அலைந்தவர்கள் நிறைய. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை தரும் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவுக்கும் சேர்த்து. பழைய முறையில் வருமான வரி கட்டுகிறவர்களுக்குச் சான்றிதழ் இருந்தால் கழிவு உண்டு. 18 வயதானதும் பெற்றோர் தாமாகவே பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நடை போய் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பொதுத்தேர்வுச் சலுகைகளுக்கும் பத்தாம் வகுப்பு தொடங்கும்போதே பள்ளி வழியாக விண்ணப்பியுங்கள், தேர்வு மாதத்தில் அல்ல. வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார்.

ஸ்டெம் செல் ஊசி, உடம்பிலிருந்து உலோகம் நீக்கும் மருந்து என்று லட்சங்களில் பேசுகிறவர்களிடம் போகாதீர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. உலோகம் நீக்கும் மருந்தால் உயிர் போயிருக்கிறது. ஆட்டிசத்தை மாற்றும் மருந்து என்று ஒன்று இல்லை. தூக்கம், வலிப்பு, கடும் பதற்றம் ஆகியவற்றுக்கு மருந்து உண்டு. அது உங்கள் டாக்டர் எழுதித் தருவது. நகையை அடகு வைத்து ஊசி போட்டு வருகிற குடும்பங்களைப் பார்க்க நெஞ்சு பதைக்கிறது.

எல்லாவற்றையும்விட அவசரமானதைக் கடைசியில் வைத்திருக்கிறேன், மறக்காமலிருக்க. இந்தக் குழந்தைகளில் பலர் சொல்லாமல் வீட்டைவிட்டு நடந்துவிடுவார்கள். அவர்களுக்குத் தண்ணீரின் மேல் தனி இழுப்பு உண்டு. பளபளப்பு, அலை, உடம்பெல்லாம் ஒரே சீரான அழுத்தம். இப்படி நடந்துபோன குழந்தைகளின் சாவுக்கு முதல் காரணம் நீரில் மூழ்குவது என்று அமெரிக்காவில் எடுத்த கணக்குகள் காட்டுகின்றன. நம் ஊரில் சுற்றுச்சுவர் இடிந்த விவசாயக் கிணறு, மழைக்குப்பின் நிறைந்த ஏரி, பாலாற்றில் மணல் அள்ளிய பள்ளம், மூடியில்லாத சம்ப்.

இந்த வாரமே செய்யுங்கள். கதவில் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். அது திறந்தால் சத்தம் வர ஒரு சலங்கை. சம்புக்குப் பூட்டுடன் மூடி. வீட்டைச் சுற்றி அரை கிலோமீட்டருக்குள் இருக்கும் கிணறு, குட்டை, தொட்டி எல்லாவற்றையும் நடந்து பார்த்து ஒரு தாளில் வரைந்து வையுங்கள். அக்கம்பக்கத்தில், டீக்கடையில், ஆட்டோ ஸ்டாண்டில் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய் முகம் காட்டி, “அண்ணா, பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான், தனியா பாத்தா கையைப் பிடிச்சு இழுக்காம கூடவே நடந்துகினு எனக்கு போன் பண்ணுங்க” என்று சொல்லுங்கள். சட்டையின் உள்பக்கம் போன் நம்பரைத் துணி மார்க்கரால் எழுதுங்கள். லேபிள் தைத்தால் பிய்த்துவிடும். நீச்சலைக் கடைசி வகுப்பாக அல்ல, முதல் வகுப்பாகச் சேர்த்துவிடுங்கள், உடையோடு நீந்தவும் பழக்குங்கள்.

காணோம் என்று தெரிந்த நொடியில் பீரோவுக்குப் பின்னால், மாடியில் என்று எல்லோரும் வீட்டுக்குள் தேடி நேரத்தை விடாதீர்கள். ஒருவர் வீட்டில் நிற்கட்டும். ஒருவர் 112-க்குப் பேசட்டும், இன்று காலை எடுத்த போட்டோ கையில் இருக்கட்டும். மற்ற எல்லோரும் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு முதலில் தண்ணீர் இருக்கும் இடங்களுக்கு ஓடுங்கள்.